காலி இடத்தைப் படிப்பது

பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் போர்டில் ஐ.சி. இல்லாத இடமெல்லாம் ஐ.சி. தொலைந்த இடம் என்று நினைத்துக்கொண்டு சால்டரிங் அயர்னைச் சூடேற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. 1981 கடைசியில் கேம்பிரிட்ஜ் ஏகார்ன் கம்பெனி அந்தக் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது மாடல் ஏ, மாடல் பி இரண்டுக்கும் போர்டு ஒன்றுதான். ஏ-யில் 16 கே நினைவகம். மீதி எட்டு 4816 நினைவகச் சில்லுகளுக்கும் இரண்டாவது 6522 இன்புட்-அவுட்புட் சில்லுக்கும் உரிய இடங்கள் காலிதான். பி வாங்கியவருக்கும் டிஸ்க்குக்கான 8271, எகோநெட் நெட்வொர்க், பேச்சுச் சில்லு எல்லாம் தனிக்காசு. ஆகவே பாகங்கள் குறைந்த போர்டு ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலை, எது களவு போனது, எது பிறவியிலேயே காலி என்று பிரித்தறிவது.

துளையே சொல்லிவிடும். ஃபேக்டரியில் காலியாக விட்ட துளையை ஈயம் வழவழப்பாக அடைத்திருக்கும். ஈய அலைமேல் போர்டு போனபோது தானாக நிரம்பியது அது. பிடுங்கிய இடத்தில் துளை வாய் திறந்து கிடக்கும். சுற்றிலும் பழுப்பாகப் பேஸ்ட் கறை இருக்கும், பச்சைப் பூச்சு வெந்து வெளுத்திருக்கும். ஓரிரு துளைகளில் செம்பு வளையமே எழும்பிப் போயிருக்கும். முதல் வகையைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. கிடைத்த சில்லையெல்லாம் செருகி எல்லா இடத்தையும் நிரப்பினால்தான் திருப்தி என்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் 16 கே வாங்கத்தான் காசு இருந்த ஒரு வீட்டின் மெஷின் அதோடு அழிந்துபோகிறது.

இந்த போர்டில் என் மனசு ஒட்டிக்கொண்டிருப்பது ரெசிஸ்டர் பேக்கில். ப்ராசசரான 6502ஏ-யைப் பற்றியும் வீடியோ யூ.எல்.ஏ. சில்லைப் பற்றியும் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டேட்டா பஸ்ஸின் குறுக்கே வைத்த அந்த ஒல்லிப் பட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முன்மாதிரியை ஓட்டிப் பார்த்த நாட்களில், போர்டில் குறிப்பிட்ட ஓரிடத்தில் யாராவது விரலை வைத்தால்தான் மெஷின் ஒழுங்காக நடந்ததாம். விரலுக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டர் பேக்கை வைத்தார்கள், சரியாகிவிட்டது. அது ஏன் தேவை என்று தங்களுக்கே தெரியாது என்று வடிவமைத்த ஸ்டீவ் ஃபர்பரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதற்குள் சுமார் 15 லட்சம் மெஷின்கள் அப்படியே விற்றுப் போயிருந்தன. அதே ஃபர்பரும் சோஃபி வில்சனும் உருவாக்கிய முதல் ஏ.ஆர்.எம். சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைந்துதான் முதன்முதலாக ஓடியது. அப்பேர்ப்பட்டவர்கள் காரணம் தெரியாமல் வைத்துவிட்டுப் போன பாகத்தை, காரணம் தெரியாது என்பதற்காக நாம் விட்டுவிட முடியுமா?

பக்கத்து ஐ.சி.யை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கிறவர்களிடம் முதலில் உடைவது இந்த மாதிரிப் பட்டைதான். பழுது பார்ப்பவர் தனித்தனி ரெசிஸ்டர்களை போர்டின் அடியில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார். மின்சாரத்துக்கு வித்தியாசம் தெரியாதுதான். எனக்கு அது போதாது. அதே மாதிரிப் பட்டையே வேண்டும்: ஒரே வரிசைக் கால்கள், ஓரத்தில் பொதுக்காலைக் காட்டும் புள்ளி. புள்ளி பழைய பக்கமே இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் பொதுக்கால் ஏதோ ஒரு டேட்டா லைனில் போய் உட்கார்ந்துவிடும்.

செத்த ஐ.சி.யைக் கழற்றும்போதும் போர்டுக்குத்தான் முதல் மரியாதை. கால்களை உடம்போடு ஒட்டி கட்டரால் நறுக்கிவிட்டு, ஒவ்வொரு காலிலும் புது ஈயம் கொஞ்சம் ஏற்றி, இளகியதும் ட்வீசரால் தானாக வருவதுபோல் எடுக்க வேண்டும். கிரவுண்ட் காலை அவசரப்படுத்தவே கூடாது. அகலமான செம்பு சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். பொறுமை இழந்து இழுத்தால் வளையம் கையோடு வந்துவிடும். வந்துவிட்டால் மெல்லிய கம்பியைப் பழைய டிராக் போன வழியிலேயே படுக்கவைத்து இணைக்கலாம். குறுக்கே பறக்கும் ஜம்பர் கம்பியை என் கண் ஏற்பதில்லை. நினைவகத்தில் சந்தேகம் என்றால் கழற்றவே வேண்டாம், நல்ல 4816 ஒன்றை மேலே கால் கால்மேல் படும்படி ஏற்றிப் பாருங்கள். கெட்டது ஊமையாகக் கிடந்தால் மேலே இருப்பது பேசும். தப்பான பதிலையே கொடுத்துக்கொண்டிருந்தால் இது பலிக்காது.

இந்த மெஷினை நான் முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில். 1984-ல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்கும் மத்திய அரசின் கிளாஸ் திட்டம் தொடங்கி, பிபிசி மைக்ரோக்கள் நம் பள்ளிகளுக்கு வந்தன. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் வரிசையாகப் போவோம். சார் சுவிட்சைப் போட்டதும் கனத்த குரலில் நீளமாக ஓர் ஒலி, பின்னாலேயே உச்சத்தில் சின்னதாக ஒரு பீப். முதல் ஒலி ஒலிச்சில்லு தானாக எழுப்புவது, அதை அடக்குவது ப்ராசசர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. இன்றும் முதல் ஒலி ஓயாமல் நீண்டால் ப்ராசசர் எழவில்லை என்று காதே சொல்லிவிடுகிறது.

அந்த மெஷின்கள் பிற்பாடு கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போயின. மிஞ்சியவற்றை இப்போது சில்லு சில்லாகப் பிரித்து விற்கிறார்கள். 8271-க்கு நல்ல விலை என்பதால் அதைப் பிடுங்கிக்கொண்டு போர்டைத் தூக்கி எறிகிறார்கள். மேல் எழுத்தைச் சுரண்டி வேறு எண் அச்சடித்த போலிகளும் சந்தையில் தாராளம். பவர் சப்ளையில் விரிசல் விட்ட ரிஃபா கெப்பாசிட்டரை மாற்றுவது அவசியம், இல்லாவிட்டால் புகையும். அதைச் சாக்கிட்டு போர்டில் இருக்கும் நல்ல கெப்பாசிட்டர்களையும் கூண்டோடு பிடுங்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? மாற்றுப் பாகங்களில் 74எல்எஸ் வகை ஐ.சி.யும் 555 டைமரும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கிடைக்கும். 4816 கேட்டால் 4116-ஐ நீட்டுவார்கள், வாங்காதீர்கள். அதற்கு மூன்று வோல்டேஜ் வேண்டும், இந்த போர்டில் நினைவகத்துக்கு 5 வோல்ட் மட்டும்தான்.

பழைய சாமான் குவியலில் இந்த போர்டு கண்ணில் பட்டால், 8271-ஐ மட்டும் கழற்றிக்கொண்டு வராதீர்கள். முழு போர்டையும் எடுத்து வாருங்கள், உடைந்த ரெசிஸ்டர் பேக்கின் துண்டு பக்கத்தில் கிடந்தால் அதையும் சேர்த்து.