அந்த ஒரு சுற்று

புனே அருகே சிம்மகட் கோட்டையிலிருந்து டோணஜே பக்கம் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தேன். நல்ல ஜூலை மழை. வளைவு திரும்பியதும் ரோட்டின் நடுவே எருமை. ரிம் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன்; பிடிக்கவில்லை. ரிம்மில் படிந்த தண்ணீரைப் பிரேக் கட்டை வழித்தெறிய சக்கரம் முழுதாக ஒரு சுற்று சுற்றியாக வேண்டும். ஒரு சுற்று என்றால் இரண்டு மீட்டருக்கு மேல். எருமை நகர்ந்ததால் தப்பித்தேன்.

கோட்டைக்குப் பக்கத்திலுள்ள கடக்வாஸ்லாவில் இந்த மழைக்காலம் முழுக்க இரண்டு சைக்கிள்களை மாற்றி மாற்றி ஓட்டினேன். பழையதில் வி-பிரேக் என்னும் ரிம் பிரேக், புதியதில் ஹைட்ராலிக் டிஸ்க். கியர், எடை விவரமெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு சுற்றுதான் கணக்கு.

டிஸ்க்கில் அந்தச் சுற்று இல்லை. டிஸ்க் தகடு ஹப்பை ஒட்டி, ரோட்டுத் தண்ணீரிலிருந்து விலகி நிற்கிறது. கட்டை சின்ன இடத்தில் பலமாக அழுத்துவதால் ஈரம் தங்குவதில்லை. நனைந்தால் கொஞ்சம் கத்தும். ஆனால் விரல் பட்டதும் பிடிக்கும்.

ரிம் பிரேக்கின் இன்னொரு கேடு மெதுவாகத் தெரியும். மலை இறங்கியதும் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். ரப்பரில் மணலும் அலுமினியத் துணுக்கும் பதிந்து மினுங்கும். ஊக்கால் நோண்டி எடுக்காவிட்டால் அதுவே அரம்போல ரிம்மைத் தின்றுவிடும். என் ரிம்மில் தேய்மானம் காட்டும் கோடு இந்த மழையோடு மறைந்துவிட்டது. இனி ரிம்மையே மாற்ற வேண்டும். டிஸ்க்கில் தகடும் கட்டையும்தான் தேயும். சக்கரம் கோட்டமானாலும் பிரேக் உரசாது.

ஆனால் டிஸ்க்குக்குப் பராமரிப்பு வேண்டும். செயினுக்கு ஸ்பிரே அடித்தபோது எண்ணெய் தகட்டில் தெறித்தது. மறுநாள் பிரேக் ஊளையிட்டது, பிடிமானமும் போனது. தகட்டைத் துடைத்தும் பயனில்லை. எண்ணெய் குடித்த கட்டையைத் தூக்கிப்போட்டேன். பிரேக் குழாயில் காற்று புகுந்தால் லிவர் பஞ்சுபோல அமுங்கும். குழாயில் ஊற்றுவதும் ஒன்றல்ல: ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில், வேறு சில பிரேக்குகளுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் சீல் கெடும். காற்றை எடுத்துத் திரவம் மாற்றும் வேலை ஊர்க் கடைகளில் பெரும்பாலும் நடக்காது. ரிம் பிரேக்கை ஒரு ஆலன் கீ வைத்து ரோட்டோரத்திலேயே சரிசெய்துவிடலாம்.

அதனால் தஞ்சாவூர்போலச் சமவெளியில் ஓட்டுபவர்கள் நல்ல ரிம் பிரேக்கை விட்டு மாற அவசியமில்லை. வால்பாறை, கொடைக்கானல், கடக்வாஸ்லா என மழையும் இறக்கமும் சேரும் ஊர்க்காரர்கள் டிஸ்க்தான் வாங்க வேண்டும். அடுத்த எருமை நகரும் என்று நம்பி மலை இறங்கக் கூடாது.