அடுத்த உணரிக்கு யார் காசு கொடுப்பது?

கனடாவிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகள் கொடிகாமத்துப் பெற்றோருக்கு ஸ்மார்ட் கைக்கடிகாரம் வாங்கி வருகிறார்கள். இதயத்துடிப்பும் நடந்த அடிகளும் பார்க்கலாம், தீங்கில்லை. சீனியும் பார்க்கும் என்று விற்கப்படுபவைதான் ஆபத்து. ஊசி குத்தாமல் இரத்தச் சீனியை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே மோசம்.

கையில் ஒட்டும் சீனி உணரி வேறு சாதி. தோலுக்கடியில் மெல்லிய இழையொன்று கிடந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து போனுக்கு அனுப்பும். இன்சுலினில் வாழும் பிள்ளைக்கு நடு இரவில் சீனி இறங்குவதை அது காட்டிக்கொடுக்கும். அந்த வீட்டாருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் பரவலாக விற்கும் உணரியொன்றின் ஆயுள் 14 நாள். மாதத்துக்கு இரண்டு, கைக்காசில். சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாக மாத்திரை எடுப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. மாத்திரையிலேயே சீனி அடங்கியிருப்பவருக்குத் தேவையும் இல்லை.

உடலில் அணியும் கருவி, கொடிகாமமும் சாவகச்சேரியும் அடங்கிய தென்மராட்சிக்குப் புதிதும் அல்ல. ஏ9 வீதியில் கொஞ்சத் தூரம் போனால் முகமாலை, நாட்டின் மிகப் பெரிய மிதிவெடி நிலங்களில் ஒன்று. கால் இழந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் 1980களிலிருந்து செயற்கைக்கால் பொருத்தி வருகிறது. ஜெய்ப்பூரில் 1968இல் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் உருவாக்கிய ரப்பர் பாதம் அது. சப்பாத்து வேண்டாம். சப்பணம் கட்டி இருக்கலாம், ஈர வயலில் இறங்கலாம், வெறுங்காலோடு கோயிலுக்குள் போகலாம். சப்பாத்துக்கென்றே செய்த மேற்குலகப் பாதத்தில் இவை எளிதல்ல. குறையும் உண்டு: ரப்பர் தேயும், தசை வற்றினால் எஞ்சிய கால் பொருந்தும் கிண்ணம் ஆடும், வளரும் பிள்ளைக்கு அடிக்கடி மாற்றவேண்டும். ஆனால் மாற்றித் தர யாழ்ப்பாணத்திலேயே ஆள் இருக்கிறது.

உடலுக்குள் வைக்கும் கருவிக்கு, கண் லென்ஸ் செய்யும் மதுரை அவுரோலாப் நிறுவனம் சாட்சி. 1992இல் அது தொடங்கிய காலத்தில் 100 டொலருக்கு மேல் விற்ற, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 10 டொலர் அளவில் செய்து கொடுத்தார்கள். ஒருமுறை வைத்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போதும்.

ஆகவே கருவியின் புதுமையை வைத்து நான் மதிப்பிடமாட்டேன். தேய்ந்தபின் யார் மாற்றுவார், யார் காசு கொடுப்பார் என்பதே உரைகல். அதில் காலும் லென்ஸும் தேறுகின்றன. அரசாங்கப் பணம் முதலில் அங்கே போகட்டும். உணரி இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு மட்டும், கிளினிக் ஊடாக இலவசமாக வரவேண்டும். அவர்களுக்குக் கொடுத்து முடியுமுன் எல்லோருக்கும் உணரி என்று திட்டம் போடுவது வீண்செலவு.