வெண்பா: அடிதடி இல்லாத நிகழ்பட ஆட்டம்

வெண்பா என்பது கனடாவின் தொராண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் நிறுவனம் 2023 சூலையில் வெளியிட்ட நிகழ்பட ஆட்டம் ஆகும். 2024இல் பாஃப்டா ஆட்ட விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது. இதில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஆடுபவர் செய்வது சமையல்.

கதையும் ஆட்டமும்

1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, பாவலன் இணையரின் கதை இது. அவர்களுடைய மகன் கவின் வளர வளர ஆங்கிலத்தின் பக்கம் சாய்கிறான். வெண்பாவிடம் அவர் தாய் கொடுத்த சமையல் குறிப்பேடு உள்ளது. அதன் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் போயுள்ளன. விடுபட்ட படிகளை ஆடுபவர் ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி முதலியவற்றைச் சமைக்க வேண்டும். தவறினால் தண்டனை இல்லை. மறுபடியும் செய்து பார்க்கலாம்.

புதியவருக்கு ஏன் பிடிக்கிறது?

பெரும்பாலான ஆட்டங்களில் விரல் வேகமே வெற்றி தரும். அதனால் பழகாதவர் முதல் நிமிடத்திலேயே தோற்று ஒதுங்கிவிடுகிறார். இங்கே கைகொடுப்பது அடுப்பங்கரை அறிவு. பாகூரிலோ வில்லியனூரிலோ இட்லிக் குண்டானோடு வாழ்நாளைக் கழித்த பாட்டிக்கு, தட்டுகளை எப்படி அடுக்கினால் இட்லி நசுங்காது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடிப் பழகிய பேரன்தான் அவரிடம் கேட்க வேண்டும்.

வன்முறை இல்லை என்பது மட்டும் ஓர் ஆட்டத்துக்குச் சிறப்பாகாது. தாயத்தில் எதிராளியின் காயை வெட்டுகிறோம். அதை யாரும் வன்முறை என்பதில்லை. சண்டையை எடுத்துவிட்டால் ஆட்டத்தை இழுத்துச் செல்வது எது என்பதே கேள்வி. வெண்பாவில் அந்த இடத்தில் இழப்பின் அச்சம் நிற்கிறது. அழிந்த எழுத்தை ஊகிக்கும்போது, ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே அறுந்துகொண்டிருக்கும் மொழியைத்தான் நாம் ஒட்டவைக்கிறோம்.

புதுச்சேரி வாசகருக்கு இது தொலைதூரக் கதையன்று. 1962இல் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. பிரான்சில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளிலும் கவின்கள் உண்டு.

குறைகள்

ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. புதிர்கள் எளியவை, ஒருமுறை விடை தெரிந்தபின் மீண்டும் ஆட அதிகக் காரணம் இல்லை. உரையாடலில் நாம் தேரும் விடைகள் கதையின் போக்கைப் பெரிதாக மாற்றுவதில்லை. தாயன்பைச் சமையலாலேயே அளப்பது பழைய வழக்கம் என்ற குற்றச்சாட்டுக்கும் இடமுண்டு. ஆனால் பிற்பகுதியில் கவினே கரண்டியைக் கையில் எடுப்பதால் அது பாதிக்கு மேல் வலுவிழக்கிறது.

மதிப்பீடு

ஆட்டமாக இது சிறியது, கதையாக நிறைவானது. வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆடும் மாணவருக்கு இதன் முழுப் பயனும் கிடைக்கும். ஆடி முடித்ததும் அவர் சொல்லும் சமையல் குறிப்பு ஒன்றை அழியாத மையில் தமிழில் எழுதி வைப்பது நல்லது.