அப்பா விட்ட பந்து

மகன் உண்மையைச் சொல்லும் காட்சி வந்ததும் நம் கண் மகன் மேலேயே நின்றுவிடுகிறது. குரல் நடுங்கியதா, கண் கலங்கியதா, வசனத்தைப் பாதியில் முழுங்கினானா என்று பார்க்கிறோம். அடுத்த பார்வை அம்மாவுக்கு. அப்பா வேஷம் கட்டியவர் கடைசி. படம் நகைச்சுவைப் படமாக இருந்துவிட்டால் அவர் நிலை இன்னும் மோசம். ‘சிரிக்க வைத்தார், ஆனால் கொஞ்சம் ஓவர்’ என்று ஒரே வரியில் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். மகன் தன்பாலீர்ப்பாளன் என்று பெற்றவர்களுக்குத் தெரியவரும் படங்களில் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பது அந்த அப்பாதான் என்பது என் கட்சி. நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்; நான் அவர் பக்கம்.

2020 பிப்ரவரியில் வந்த ‘சுப் மங்கள் ஜ்யாதா சாவ்தான்’ இந்திப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஹிதேஷ் கேவல்யா இயக்கியது. கதையும் வசூலும் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்: அலகாபாத்தில் வேளாண் விஞ்ஞானியாக இருக்கிற அப்பா. கருப்புக் காலிஃபிளவரை உருவாக்கிய பெருமையில் மிதக்கிறவர். காய்க்குப் புது நிறம் கொடுக்கத் தெரிந்தவருக்கு மகனின் மனசு மட்டும் பிடிபடவில்லை. ரயிலில் மகன் இன்னொரு பையனை முத்தமிடுவதைப் பார்க்கிறார். பார்த்ததும் வாந்தி எடுக்கிறார்.

இந்த வாந்திக்குத்தான் எத்தனை திட்டு! காதலைப் பார்த்துக் குமட்டுவதா, இது அவமானம் இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு. மலிவான உடம்பு நகைச்சுவை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் அரங்கம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? பையன்களைப் பார்த்து இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிற பெரிய மனுஷனைப் பார்த்து.

நம் தமிழ்ப் படங்களில் இந்தக் கணக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். நெளிந்து நடக்கிற ஒருவர் வருவார், நாயகன் தோளைத் தொடுவார், நாயகன் பதறிப் பின்வாங்குவார், அரங்கம் அதிரும். சிரிப்பு முழுக்க அந்த நெளிகிற ஆள் தலையில்தான் விழும். அவருக்கு வீடு கிடையாது, அப்பா அம்மா கிடையாது, அடுத்த காட்சியில் வேலையும் கிடையாது. பல வருஷம் அப்படித்தான் சிரித்தோம். அந்தப் பழக்கத்தோடு உட்கார்ந்திருக்கிற ரசிகனின் சிரிப்பை மகனிடமிருந்து பிடுங்கி அப்பா தன் மேல் வாங்கிக்கொள்வது சாதாரண வேலை இல்லை.

அதற்கு ஒரு முடிவு தேவைப்படுகிறது. நான் இந்தப் பத்தி முழுக்கப் பேச வந்ததும் அந்த ஒரு முடிவைப் பற்றித்தான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஆசை காட்டி வருகிற பந்தை நல்ல பேட்ஸ்மேன் தொடாமல் விடுகிறானே, அதே முடிவு. இந்த நடிகருக்கு முன்னால் படம் முழுக்க அப்படிப் பந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒரு புருவத் தூக்கல் போதும், ஒரு கண்சிமிட்டல் போதும், கைதட்டல் நிச்சயம். அவர் தொடவில்லை. தான் வேடிக்கையான ஆள் என்பது தனக்கே தெரியாது என்கிற மாதிரி நின்றார்.

இந்த விடுதலின் அருமை சடங்குக் காட்சியில்தான் முழுசாகத் தெரியும். உயிரோடு இருக்கிற மகனைச் செத்தவனாக வைத்துக் காரியம் பண்ணி, புதுப் பிறவி என்று வேறு பேர் வைக்கிறார்கள். எழுத்திலேயே கோமாளித்தனம் அத்தனை இருக்கிறது. அங்கே அப்பாவும் சேர்ந்து கோமாளித்தனம் செய்திருந்தால் அது நாடகக் கம்பெனித் துணுக்காக முடிந்திருக்கும். அவர் அதை வருமான வரிப் படிவம் நிரப்புகிற முகத்தோடு செய்கிறார். அந்த முகத்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்த பிறகு, பெற்ற பிள்ளைக்கு உயிரோடு காரியம் பண்ணுகிற ஒருவரைப் பார்த்தா சிரித்தோம் என்று உறைக்கிறது. இந்த இரண்டாவது அடி விழுவதற்கு முதல் அடியை அவர் வீணாக்காமல் இருக்க வேண்டியிருந்தது.

குறை இல்லாத படம் என்று நான் வாதாடவில்லை. பிரசங்கம் ஜாஸ்தி. காதலன் வரிசையாக விளக்கம் கொடுத்துக்கொண்டே போகிறான். மகனுக்கு மூச்சுவிடக் கூட இடமில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆவது பிரிவின் பிடியிலிருந்து வயது வந்தவர்களின் சம்மத உறவை விடுவித்த தீர்ப்பைக் கொண்டுவந்து முடிச்சை அவிழ்ப்பதும் கொஞ்சம் சுலபமான வழிதான். நீதிபதி சொல்லிவிட்டால் அப்பா மனசு மாறிவிடுமா? அதையும் மீறிக் கடைசியில் நாம் நம்புகிறோம் என்றால், அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் அந்த மனிதர் அவசரப்படாமல் நின்றதுதான் காரணம்.

விட்டு ஆடுவதில் உலக அளவில் ஒரு பாடம் வேண்டுமென்றால் ஆங் லீ இயக்கிய ‘தி வெட்டிங் பாங்க்வெட்’. 1993இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடியைப் பகிர்ந்துகொண்ட படம். தைவானிலிருந்து நியூயார்க்குக்கு மகன் கல்யாணத்துக்கு வருகிற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. கல்யாணம் பொய்; மகனின் துணை இன்னொரு ஆண். மகன் அம்மாவிடம் சொல்லிவிடுகிறான். அம்மா, அப்பாவுக்குச் சொல்லாதே என்கிறாள். அப்பாவுக்கோ எல்லாம் ஏற்கெனவே தெரியும். மகனும் துணைவனும் ஆங்கிலத்தில் போட்ட சண்டை அவருக்குப் புரிந்துவிட்டது. காட்டிக்கொள்ளவே இல்லை. மகனின் துணைவனிடம் மட்டும் தனியாக ஒரு சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுத்து, இது நமக்குள் இருக்கட்டும் என்று முடித்துக்கொள்கிறார். படம் முழுக்கத் தூங்கி வழிகிற கிழவர் என்று நினைத்தவர்களுக்கு அங்கேதான் ஆட்டம் புரியும்.

பலர் இதைக் கோழைத்தனம் என்கிறார்கள். வெளியே சொல்லாத ஏற்பு என்ன ஏற்பு என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எங்கள் காஞ்சிபுரத்தில், பட்டு நெய்கிற ஓரிக்கைத் தெருவில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் பேசட்டும். கோர்வைச் சேலைக்கு ஒற்றை ஆள் போதாது. கரை நாடாவை வாங்கிப் போட பக்கத்தில் ஒருத்தர் வேண்டும். பல வீட்டில் அந்த ஒருத்தர் பிள்ளைதான். குழித்தறியில் பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்த பையனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பேச்சு என்பது ‘இழை அறுந்துச்சு பாரு’ என்கிற அளவுதான். ஆனால் பையன் கை எந்தக் கிழமையில் தடுமாறுகிறது, யார் போன் வந்தால் சீர்ப்படுகிறது என்பது அந்த மனிதருக்கு அத்துப்படி. இந்த ஊரில் மகன் வந்து சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரியும் என்பதை நான் நம்ப மாட்டேன். கத்திக் கூச்சல் போடுகிற சினிமா அப்பாவைவிட அந்தத் தைவான் கிழவர் எங்களுக்குக் கிட்டத்துச் சொந்தம்.

தமிழில் இந்த ஆட்டத்தை ஆட இன்னும் ஒரு அப்பா இறங்கவில்லை. லோகேஷ் குமார் இயக்கிய ‘என் மகன் மகிழ்வன்’ 2017லேயே வந்த முயற்சி. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடைமை’ 2025 பிப்ரவரி 14 அன்று திரைக்கு வந்தது. அதில் மகன் இல்லை, மகள். ஊருக்கெல்லாம் முற்போக்கு பேசுகிற அம்மா, தன் வீட்டில் விஷயம் நடந்ததும் சறுக்குகிற இடம் அபாரம். இரண்டும் மதிக்க வேண்டிய படங்கள். இரண்டிலும் பாரம் அம்மா தோளில்தான். அப்பாவை வைத்து, அதுவும் சிரிக்க வைத்து, இதைச் சொல்ல நமக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அழுதால் கௌரவம், சிரித்தால் கேவலம் என்று ஒரு எண்ணம் நம்மிடம் ஊறிப் போயிருக்கிறது.

ஆனால் வரும். எப்படி வரும் என்று என் கணிப்பைச் சொல்லி வைக்கிறேன், பிறகு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அப்பா வேஷத்தை நகைச்சுவை நடிகர் செய்ய மாட்டார். பல வருஷம் வில்லனாகவோ, முறைக்கிற மாமனாராகவோ வந்த ஒருவர்தான் செய்வார். சிரிக்க வைக்கத் தெரிந்தவரால் வருகிற பந்தை விட முடியாது, கை துறுதுறுக்கும். முறைத்துப் பழகியவருக்கு விடுவது சுலபம்.

டாக்டர் காட்சி தலைகீழாகும். மகனை இழுத்துக்கொண்டு போய் ‘சரி பண்ணுங்க’ என்று கேட்பதும், டாக்டர் ஊசியை எடுப்பதும் இனி எழுத முடியாது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பாலீர்ப்பை மாற்றப் பார்க்கிற இந்தச் சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. ஆகவே வரப்போகிற படத்தில் டாக்டர் பையனை வெளியே அனுப்பிவிட்டு, “நீங்க உக்காருங்க சார்” என்று அப்பாவுக்குக் கவுன்சலிங் கொடுப்பார். இந்தக் காட்சிக்கு நான் இப்போதே சிரிக்கத் தயார். (அந்த வழக்கின் நீதிபதியே இந்த விஷயம் புரிய ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டதைத் தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறார். நம் கதாசிரியர்களுக்கு இதைவிட என்ன குறிப்பு வேண்டும்?)

போலீஸ் காட்சியும் அப்படியே. ‘பிள்ளையைக் காணோம்’ என்று அப்பா புகார் கொடுக்கப் போவார். இன்ஸ்பெக்டர் மீசையை முறுக்குகிற காலம் போய்விட்டது. இப்படிப்பட்டவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். வயது வந்த பையன், தன் விருப்பத்தில் இருக்கிறான் என்று எழுதி ஃபைலை மூடிவிட்டு, இன்ஸ்பெக்டர் அப்பாவுக்கு டீ சொல்வார். அப்பா அந்த டீயைக் குடிப்பாரா மாட்டாரா என்பதில்தான் இடைவேளை விடுவார்கள்.

பரிகாரக் காட்சி நிச்சயம் உண்டு. காஞ்சிபுரத்தில் எடுத்தால் கோயில் கோயிலாக அலைய விடுவதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரண்டாம் பாதிக்கு இயக்குநர் எங்கள் ஊர்க் கதையைக் கேட்டுக்கொண்டு போகட்டும். பல்லவ மன்னன் கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். குரு திருமழிசையாழ்வார் சிஷ்யனுக்குப் புத்தி சொல்லவில்லை, மன்னனிடம் கெஞ்சவில்லை. நானும் கிளம்புகிறேன் என்றார். அதோடு விட்டாரா? பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். மூன்று பேரும் அந்த ராத்திரி தங்கியது ஓரிக்கையில் என்று தல வரலாறு சொல்கிறது. மன்னன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் திரும்பிப் போனார்கள். துரத்தப்பட்ட சின்னவனோடு பெரியவரும் நடையைக் கட்டுவது நமக்குப் புதுசே இல்லை. சொந்த பந்தம் பையனை வீட்டைவிட்டுப் போகச் சொல்லும்போது அப்பா ஒரு வார்த்தை பேசாமல் தன் பாயைச் சுருட்டினால் போதும். வசனம் வைத்தால் கெட்டது.

படம் முதலில் ஓடிடியில்தான் வரும். இரண்டாவது வாரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே யாரோ ஒருவர் போனில் பார்ப்பார், பிறகு தெருவே பார்க்கும். விமர்சனத்தில் மகனாக நடித்த பையனுக்குப் பாராட்டு குவியும், குவியட்டும். அப்பாவுக்கு மறுபடியும் ‘கொஞ்சம் ஓவர்’ என்று யாராவது எழுதினால் மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன்.

விருது கொடுக்கிறவர்களுக்கும் முன்கூட்டியே ஒரு வேண்டுகோள்: அவர் பெயரைச் சிறந்த நகைச்சுவை நடிகர் பட்டியலில் தள்ளிவிடாதீர்கள். சிறந்த நடிகர் பட்டியலில் போடுங்கள்.