நியூஸ்ரீடரும் மின்னஞ்சலும்: இணைப்பு எங்கே இருக்க வேண்டும்?

யூஸ்நெட் கலந்துரையாடல் குழு ஒன்றில் ஒரு பதிவைப் படித்தவர் குழுவிலேயே எல்லாரும் படிக்கப் பதில் எழுதலாம்; எழுதியவருக்கு மட்டும் தனிமடலும் அனுப்பலாம். முதலாவது என்என்டிபி நெறிமுறை வழியே போகிறது, இரண்டாவது எஸ்எம்டிபி வழியே. பேச்சு குழுவிலிருந்து தனிமடலுக்கு நகரும் அந்த நொடியில்தான் யூஸ்நெட்டைப் படிக்கும் நிரலான நியூஸ்ரீடருக்கு அஞ்சல் நிரல் தேவைப்படுகிறது. பெரும்பாலான அமைப்புகள் சறுக்குவதும் அங்கேதான்.

சறுக்க வேண்டிய அவசியமே இல்லை. 1983-இல் வந்த இணைய வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 850-உம், 1987-இல் அதன் இடத்துக்கு வந்த 1036-உம் யூஸ்நெட் பதிவின் வடிவத்தை மின்னஞ்சலின் ஆர்எஃப்சி 822-க்கு உட்பட்டே வகுத்தன. அனுப்புநர், பொருள், தேதி, மெசேஜ்-ஐடி என்று தலைப்பு வரிகள் இரண்டிலும் ஒன்றே. எதற்கு மறுமொழி என்று காட்டும் ரெஃபரன்ஸஸ் வரியும் பொது. ஆகவே ஓர் அமைப்பை எடைபோட மூன்று கேள்விகள் போதும். தனிமடலுக்கு மாறும்போது மெசேஜ்-ஐடிச் சங்கிலி அறாமல் இருக்கிறதா? மடலில் சரியான அனுப்புநர் முகவரி போகிறதா? எழுதியதன் படி, பிறகு தேடினால் கிடைக்கும் இடத்தில் சேர்கிறதா?

மெயில்டூ இணைப்பை முதலில் தள்ளிவிடலாம். நியூஸ்ரீடர் ஒரு மெயில்டூ முகவரியை இயங்குதளத்திடம் நீட்டுகிறது, அது அஞ்சல் நிரலைத் திறக்கிறது. எதற்குப் பதில் என்று சொல்லும் இன்-ரிப்ளை-டூ வரியையும் சேர்த்து அனுப்பலாம் என்று 1998-இன் ஆர்எஃப்சி 2368 சொல்கிறது. ஆனால் அதைக் கொடுக்கும் கடமை ஒரு நிரலுக்கும் இல்லை, ஏற்கும் கடமை மற்றதற்கும் இல்லை. மேற்கோள் காட்டிப் பதில் எழுதும் யூஸ்நெட் மரபையும் இது தாங்காது, தமிழில் எழுதுவோருக்குச் சுத்தமாகத் தாங்காது. யுடிஎஃப்-8-இல் ‘க’ மூன்று பைட். மெயில்டூவுக்குள் ஒரு பைட் மூன்று குறியாவதால் அது ஒன்பது குறிகளாக விரியும், ‘கூ’ பதினெட்டாக. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஏற்ற முகவரி நீளமான 2083-ஐ அளவாகக் கொண்டால், துணைக்குறி இல்லாத எழுத்துகளிலேயே 231-ஐத் தாண்ட முடியாது. ஒரு நல்ல பத்தி அதற்குள் அடங்காது.

தண்டர்பேர்டு நியூஸ்ரீடர், அஞ்சல் நிரல் இரண்டையும் ஒரே சாளரத்தில் வைத்திருக்கிறது. 2004 டிசம்பரில் 1.0 வந்ததிலிருந்து, புதிதாக வருபவர்களுக்குப் பலரும் பரிந்துரைப்பது இதைத்தான். சங்கிலி அறுவதில்லை, படி எங்கே சேர வேண்டும் என்பதையும் அமைப்புகளில் சொல்லிவிடலாம். இரண்டாம் கேள்வியில்தான் தடுக்கி விழுகிறது. எரிதத்துக்கு அஞ்சி யூஸ்நெட்டில் பொய் முகவரியோடு எழுதுவது பழைய வழக்கம். ‘இன்வேலிட்’ என்று முடியும் முகவரிகளை 1999-இன் ஆர்எஃப்சி 2606 நிச்சயமாகச் செல்லாத பெயர்களுக்கென்றே ஒதுக்கிவைத்தது. தண்டர்பேர்டில் நியூஸ் கணக்கின் அடையாளத்தோடே தனிமடலும் கிளம்புகிறது. ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற மறந்தால், பெற்றவர் பதில் எழுத முடியாத ஒரு மடலை வைத்துக்கொண்டு நிற்பார். அவருடைய பதில் திரும்பிவிட்டது என்பது முதலில் மடல் அனுப்பியவருக்குத் தெரியவும் வராது. இதைச் சின்னக் குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. தனிமடலின் நோக்கமே உரையாடல் தொடர்வதுதானே?

நியூஸ்ரீடரான எஸ்எல்ஆர்என், அஞ்சல் நிரலான மட் ஜோடி வேறு வகை. இரண்டும் டெர்மினலில் ஓடும் தனித்தனி நிரல்கள், ஒன்றை ஒன்று அறியாதவை. எஸ்எல்ஆர்என்-இல் தனிமடல் எழுதினால் முழு மடலும், தலைப்பு வரிகள் உட்பட, மடல் அனுப்பும் சென்ட்மெயில் நிரலின் கைக்குப் போகிறது. அனுப்புநர் வரியை அந்த நிரலிடமே விட்டுவிடச் சொல்லலாம்; குழுவில் பொய் முகவரி, மடலில் மெய் முகவரி. படியை எம்பாக்ஸ் வடிவ அஞ்சல் கோப்பில் சேர்த்தால் மட் அதைத் திறக்கும். பதில் மடலும் அதே கோப்பில் வந்து சேர்ந்தால் சங்கிலியாகவும் கோத்துக் காட்டும். விலை, அமைப்புக் கோப்புகளோடு ஒரு மாலைப் பொழுது.

இமேக்ஸ் உரைத் தொகுப்பிக்குள் இயங்கும் நஸ்-தான் இதை ஆழமாக யோசித்த நிரல். பதிவா மடலா என்று பார்த்து முகவரியை மாற்ற அதற்கு விதி எழுதலாம். ஒரே எழுத்தைக் குழுவுக்கும் ஒருவருக்கும் அனுப்பினால், குழுவிலும் இது வெளியாகியுள்ளது என்ற குறிப்பை மடலின் தொடக்கத்தில் தானே சேர்க்கும். பொதுவில் பேசியதைத் தனியே பேசியதாக நினைத்து ஒருவர் புண்படாமல் காக்கும் அக்கறை அது. வேறு எந்த மேன்மையைவிடவும் இதற்காக நஸ்ஸை மதிக்கிறேன். ஆனால் அது மின்னஞ்சலையும் செய்தியாகவே நடத்துகிறது. படித்த மடல் அடுத்த முறை குழுவைத் திறக்கையில் கண்ணில் படாது. அழியவில்லை, மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். காலாவதிக்குரியது என்று குறித்துவிட்டாலோ, இயல்பு அமைப்பில் ஏழு நாள் கழித்து உண்மையாகவே போய்விடும். யூஸ்நெட் பதிவு போனால் போகட்டும். வாடகை ஒப்பந்தம் பற்றிய மடல் அப்படிப் போகலாமா?

ஒரே சாளரம் என்பது அளவுகோலே அல்ல என்ற முடிவுக்கு வருகிறேன். ஒரே சாளரத்தில் இருக்கும் தண்டர்பேர்டு முகவரியில் தவறுகிறது. ஒன்றை ஒன்று அறியாத எஸ்எல்ஆர்என்-உம் மட்-உம் மூன்று கேள்விகளிலும் தேறுகின்றன, ஏனென்றால் அங்கே இணைப்பு மடலின் தலைப்பு வரிகளில் இருக்கிறது. யூஸ்நெட்டைத் தொடர்ந்து படிப்பவருக்கு இந்த ஜோடியைத்தான் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே இமேக்ஸில் குடியிருப்பவர் நஸ்ஸை எடுக்கலாம், காலாவதி விதியை முதல் நாளே மடல் குழுக்களிலிருந்து விலக்கிவிட்டு. டெர்மினல் வேண்டாம் என்பவருக்குத் தண்டர்பேர்டு போதும், குழுவிலும் மெய் முகவரியோடு எழுதச் சம்மதமானால் மட்டும்.