கம்பிக்குப் போட்ட கணக்கு

‘காலத்துக்கு முந்தி வந்துவிட்டது’ என்பது தோற்ற படைப்புகளுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் 1985-இல் தொடங்கிய ‘ஹேபிடாட்’ என்ற பலர் சேர்ந்தாடும் கணினி விளையாட்டைப் பற்றியும் இதையே சொல்லிவருகிறோம். கேட்க இதமாக இருக்கிறது, திறனாய்வு ஆகாது. ஆக்கியோர் எதைச் சரியாகக் கணித்தார்கள், எதைக் கணிக்கவே இல்லை என்று பிரித்துப் பார்த்த பிறகே தீர்ப்புக்கு இடம் வரும்.

முதலில் நிறை. அதை உருவாக்கிய சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் இருவர் கையிலும் இருந்தது கமடோர் 64 கணினி. 64 கிலோபைட் நினைவகம். தொலைபேசிக் கம்பியில் விநாடிக்கு 300 பிட். அதில் படம் அனுப்ப வழியில்லை. எனவே யார், எந்தப் பொருளை, என்ன செய்தார் என்ற செய்தி மட்டுமே கம்பியில் போனது. மரத்தையும் கதவையும் முகத்தையும் ஆடுபவரின் வீட்டுக் கணினியே தன் வட்டிலிருந்து வரைந்துகொண்டது. எழுத்தால் மட்டுமே இயங்கிய, பலர் சேர்ந்தாடும் ஆட்டத்தைச் சித்திர உலகுக்குக் கொண்டுவந்த இந்தச் சிக்கனம் சாதனைதான். பின்னர் வந்த இணைய விளையாட்டுகள் பலவும் இதே முறையில் நடப்பதே அதற்குச் சான்று.

இனி குறை. ‘ஹேபிடாட்’ ஊரில் ஒரு விற்பனைப் பொறி பொம்மையை 75 டோக்கனுக்கு (ஆட்டத்தின் பணம்) விற்றது. இன்னொரு கோடியில் அடகுப் பொறி அதையே 100 டோக்கனுக்கு வாங்கிக்கொண்டது. பளிங்குக் கோளம் 18,000-க்குக் கிடைத்தது, 30,000-க்குப் போனது. சிலர் இரவெல்லாம் அலைந்து விற்றார்கள்; விடிவதற்குள் புழக்கத்திலிருந்த பணம் ஐந்து மடங்கானது. கொல்கத்தாவின் கரியாஹாட் நடைபாதையில் புடவை விற்பவர் முதல் நாளே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஓட்டை இது. ஆனாலும் அந்தப் புதுப்பணக்காரர்கள் தங்கள் செல்வத்தில் மற்றவர்களுக்குப் புதையல் வேட்டை நடத்தினார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். விலையில் தவறிய வடிவமைப்பு, சமூகம் தானே உருவாக இடம்விட்டதில் தவறவில்லை. ஆடுபவர்கள் தங்களுக்கு ஷெரீஃபைத் தேர்ந்தெடுத்தார்கள், தேவாலயமும் நிறுவினார்கள்.

இதைவிடக் கனமான குறை உழைப்புக் கணக்கில் இருந்தது. வாரக்கணக்கில் கட்டிய ஒரு தீவுச் சாகசத்தை ஒருவர் ஏறக்குறைய 8 மணி நேரத்தில் முடித்துவிட்டார். பலர் அப்போது தொடங்கவே இல்லை. ஆக்குபவரின் கை, நுகர்பவரின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மையத்திலிருந்து எல்லாவற்றையும் திட்டமிடுவது ஆகாத காரியம் என்ற பாடத்தை மார்னிங்ஸ்டாரும் ஃபார்மரும் 1990-இல் எழுதிய கட்டுரையில் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். நேர்மையான கட்டுரை. ஆனால் அது பெற்ற புகழில் தோல்வியின் கனம் குறைந்துபோனது. பாடம் சொன்னவர்கள் என்பதற்காக மதிப்பெண் கூட்டிப் போட முடியாது.

வணிகத்தில் நடந்தது சுருக்கமானது. 20,000 பேருக்கென்று வரைந்த உலகம், குவாண்டம் லிங்க் என்ற தொலைபேசிவழிக் கணினிச் சேவையில் 1986 முதல் 1988 வரை சில நூறு பேரின் சோதனையாகவே நின்றது. முழு வடிவத்தை நடத்தும் செலவு கட்டுபடியாகவில்லை. அளவைச் சுருக்கி, உல்லாசத் தீவாக மாற்றி, ‘கிளப் கரீப்’ என்று வெளியிட்டார்கள். அதற்குச் சுமார் 15,000 பேர் சேர்ந்தார்கள். ஜப்பானில் 1990-இல் ஃபுஜிட்சு தன் பதிப்பைக் கொண்டுவந்தது.

‘காலம் கனியவில்லை’ என்ற வாதத்தை உடைப்பது இந்த 15,000 பேர்தான். ஆள் இருந்தார்கள், ஆசை இருந்தது, பணம் கட்டவும் தயாராக இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது பழகுவதற்கு ஓர் இடம், சாகசங்கள் அதற்கு அடுத்தபடிதான். கம்பியின் ஒவ்வொரு பிட்டையும் எண்ணியவர்கள், மையக் கணினியின் சுமையையும் தங்கள் கைவேலையையும் அதே கண்டிப்போடு எண்ணவில்லை.

ஆகவே தீர்ப்பு: தொழில்நுட்பமாக ‘ஹேபிடாட்’ முதல் வரிசை; வணிகப் பொருளாக அது தோல்வி, அதுவும் தவிர்த்திருக்கக்கூடிய தோல்வி. இரண்டையும் தனித்தனியாக வைத்து ஒன்றை மட்டும் கொண்டாடுவது முறையல்ல. நடத்துவதற்கு ஆகும் செலவும் வடிவமைப்பின் பகுதியே.