மென்டர் வேலைக்குப் புள்ளி இல்லை

இணையவழிப் பாடம் நடத்தும் பேராசிரியருக்கு உதவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடத் திட்டம் நல்ல சான்று. அவருக்கு ஸ்டுடியோ உண்டு. படம்பிடிக்க, தொகுக்க ஆட்கள் உண்டு. மாணவர் கேள்விகளுக்குப் பதில் எழுத உதவியாளர்களும் உண்டு. 2003-இல் தொடங்கிய திட்டம் இன்றும் ஓடுவதற்கு, ஆசிரியரைத் தனியே தவிக்கவிடாத இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பேன்.

அதே பாடம் ஆவடி, திருநின்றவூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்கு வந்து சேர்கையில் நிலைமை வேறு. திட்டத்தில் இணைந்து 'லோக்கல் சாப்டர்' ஆகும் கல்லூரியில் ஓர் ஆசிரியர் பொறுப்பாளர். பாடத்துக்குப் பாடம் 'மென்டர்'கள். மாணவரைப் பதிவு செய்யவைப்பது, வாராவாரம் அசைன்மென்ட்டை நினைவூட்டுவது, சந்தேகம் தீர்ப்பது எல்லாம் இவர்கள் தலையில். இறுதி மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 25 விழுக்காடு, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அந்த 25-க்கான விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றுவது ஊரறிந்த ரகசியம். எந்த மாணவருடையது சொந்த விடை, எது சுட்டது என்று முகம் பார்த்தே சொல்லக்கூடியவர் மென்டர் ஒருவர்தான். பாடம் நடத்தும் பேராசிரியருக்கு அது தெரிய வழியில்லை.

ஆசிரியரும் அதே பாடத்தைப் படித்துத் தேறினால், எட்டு வாரப் பாடத்தை ஓர் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியாக (எஃப்.டி.பி.) ஏ.ஐ.சி.டி.இ. ஏற்கிறது. நல்ல சலுகை. புதிய துறைகளைக் கற்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் அது அவரை மறுபடி மாணவராக்கும் உதவி. இணையத்தில் படிக்கும் அறுபது பேரைக் கட்டி மேய்க்க அதில் பயிற்சி இல்லை.

இதற்கிடையே சுமை ஏறுகிறது. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வழியே படிக்க யு.ஜி.சி. 2021-இல் அனுமதித்தது. ஆனால் யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில், நான்கு கிரெடிட் இணையப் பாடத்தை முழுதாக உருவாக்கினால் ஆசிரியரின் கல்வி, ஆய்வு மதிப்பீட்டில் 20 புள்ளி, ஒருங்கிணைப்பாளருக்கு 8. மென்டருக்கு அந்த அட்டவணையில் வரியே இல்லை. உதவிப் பேராசிரியருக்கு விதித்த வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலிலும் இந்த வேலை சேராது. பாடத்தை உருவாக்குபவருக்கு அங்கீகாரம், அதை மாணவரிடம் கொண்டுசேர்ப்பவருக்கு நினைவூட்டல் மின்னஞ்சல்!

இதற்காக ஆவடியில் யாரும் ஸ்டுடியோ கட்ட வேண்டாம். மென்டருக்குக் கால அட்டவணையில் வாரம் இரண்டு பீரியட் ஒதுக்கி, முதுகலை மாணவர் ஒருவரைத் துணைக்குத் தந்தாலே பெரும்பகுதி சரியாகும். ஆனால் அதற்காக அவர் விடும் இரண்டு பீரியடை எடுக்க வேறோர் ஆசிரியர் வேண்டும். நிர்வாகங்கள் தயங்குவது அந்தச் சம்பளத்துக்குத்தான்.